யார் இந்த மோர்லாக்குகள்?

(வரலாற்று வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரையைக் காட்டும் பழைய வெனிஸ் வரைபடம் ஏதாவது கையில் கிடைத்தால் பாருங்கள். வெலெபிட் மலைத்தொடரின் மேல் ‘மோர்லாக்கா மலை’ என்று எழுதியிருக்கும். மலையடிவாரத்துக்கும் எதிரே உள்ள தீவுகளுக்கும் இடையில் ஓடும் குறுகலான கடலுக்கு ‘மோர்லாக்கா கால்வாய்’ என்று பெயர். ஒரு மலைக்கும் ஒரு கடலுக்கும் தங்கள் பெயரைக் கொடுத்த அந்த மக்கள் இன்று எங்கே? குரோவாசியாவிலும் பாஸ்னியாவிலும் அலைந்து தேடினாலும் ‘நான் மோர்லாக்’ என்று சொல்லிக்கொள்ளும் ஒருவரைக் காண்பது அரிது. அவர்கள் கூண்டோடு அழிக்கப்படவில்லை. கடல் கடந்து போய்விடவும் இல்லை. அவர்களுடைய வழித்தோன்றல்கள் அதே மலைச்சரிவுகளில் அண்மைக்காலம் வரை ஆடு மேய்த்தார்கள். அதே ஊர்களில் இன்றும் பலர் குடியிருக்கிறார்கள். பெயர் மட்டும் போய்விட்டது. அது எப்படிப் போயிற்று, அதோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் போயிற்று என்பதைப் பேசவே இன்று வந்திருக்கிறேன்.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம். நிலம் புரியாமல் இந்த மக்கள் புரியமாட்டார்கள். டால்மேஷியாவின் கடற்கரையில் ஸாதர், ஷிபெனிக், ட்ரோகிர், ஸ்ப்ளிட் என்று வரிசையாகக் கல் நகரங்கள். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1797 வரை அவை வெனிஸ் குடியரசின் கையில் இருந்தன. அங்கே மாளிகைகள் உண்டு, நூலகங்கள் உண்டு, இத்தாலிய மொழியில் கவிதை எழுதும் கனவான்கள் உண்டு. நகரத்தின் முதுகுப்புறம் சுவர் எழுப்பியதுபோல் சுண்ணாம்புக்கல் மலை. மழை பெய்தால் தண்ணீர் தங்காது, பாறை இடுக்குகளில் இறங்கி மறைந்துவிடும்; எங்கோ தொலைவில் ஊற்றாக வெளிவரும். மலைகளுக்கு நடுவே தட்டையான மண்வெளிகள் சில உண்டு, உழவுக்கு அவைதான் கதி. குளிர்காலத்தில் ‘பூரா’ என்னும் வடகிழக்குக் காற்று மலையிலிருந்து கடலை நோக்கிச் சீறி இறங்கும். இந்த உள்நாட்டுக்கு ஸாகோரா என்று பெயர், மலைக்கு அப்பாலுள்ள நாடு என்று பொருள். கோடையில் தினாரா மலை உச்சிப் புல்வெளிகளுக்கு ஆடுகளை ஏற்றுவதும், குளிர் தொடங்கியதும் கடலோரத்துக்கு இறக்குவதுமாக வாழ்ந்தவர்கள்தான் நம் மோர்லாக்குகள்.

ஆட்டுக்கு உப்பு வேண்டும், உப்பு கடற்கரையில்தான் விளையும். பாலாடைக்கட்டியும் கம்பளியும் தோலும் கீழே வரும், உப்பு மேலே போகும். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் இவர்கள் பெயர் முதன்முதலாக ஆவணங்களில் தலைகாட்டும்போது, ஸாதர் நகரத்து உப்பு வணிகத்தை ஒட்டியும் அது வருகிறது என்பதில் எனக்கு வியப்பே இல்லை.

பெயரைப் பற்றி இங்கே கொஞ்சம் பேசியாக வேண்டும். ‘கறுப்பு வ்லாக்’ என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பது. துக்ல்யா நாட்டுப் பாதிரியார் எழுதியதாகச் சொல்லப்படும் பழைய நாளாகமம் இவர்களைக் ‘கறுப்பு லத்தீனர்’ என்றே சொல்கிறது. யார் இந்த வ்லாக்குகள்? ரோமப் பேரரசு போன பிறகும் பால்கன் மலைகளில் லத்தீனிலிருந்து கிளைத்த ஒரு மொழியைப் பேசிக்கொண்டு மந்தை மேய்த்த மக்கள். ஸ்லாவியர்கள் வந்து சமவெளிகளை நிரப்பிய பிறகு, தலைமுறை தலைமுறையாக அவர்களோடு கலந்து, தங்கள் மொழியை விட்டு ஸ்லாவிய மொழிக்கு மாறினார்கள். மாண்டினீக்ரோவின் துர்மிதோர் மலையின் பெயரில் அந்த லத்தீன் வேர் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கிறது என்று மொழி ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். மோர்லாக்குகளை வெளியுலகம் நன்றாக அறிந்த காலத்தில் அவர்கள் பேசியது ஸ்லாவிய மொழிதான். தங்களை அவர்கள் வ்லாக் என்றே சொல்லிக்கொண்டார்கள். மோர்லாக் என்பது கடற்கரையும் வெனிஸும் வைத்த பெயர்.

‘வ்லாக்’ என்ற சொல்லுக்கும் ஒரே பொருள் இருந்ததில்லை. நகரத்தானுக்கு அது மலைநாட்டுப் பட்டிக்காட்டான். பாஸ்னியாவின் முஸ்லிமுக்கு அது எந்தக் கிறிஸ்தவனும். கத்தோலிக்கனுக்கு அது பல இடங்களில் ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தவன். அரசாங்கக் கணக்குப்பிள்ளைக்கு அது தனிவகை வரி கட்டும் குடி. ஆகவே பழைய ஆவணத்தில் ‘வ்லாக்’ என்ற சொல்லைப் பார்த்ததும் ‘இதோ செர்பியன்’ என்றோ ‘இதோ ருமேனியன்’ என்றோ குதிப்பவர்களின் பேச்சை நான் ஏற்பதில்லை. யார் எழுதினார், எந்த ஊரில், எதற்காக என்று கேட்ட பிறகே அந்தச் சொல்லைத் தொட வேண்டும். 1436இல் செத்தினா ஆற்றங்கரை வ்லாக்குகளுக்குப் பிரபு இவான் ஃப்ராங்கோபான் ஒரு சட்டப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். அவர்களுடைய பழைய வழக்கங்களை ஒப்புக்கொள்ளும் அந்தப் பத்திரத்தில் வ்லாக்கும் குரோவாசியரும் இரு வேறு கூட்டத்தாராகப் பேசப்படுகிறார்கள். அந்த வேறுபாடு இனத்தையா தொழிலையா உரிமையையா குறித்தது என்பதில் அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். மூன்றும் அங்கே பின்னிக் கிடந்தன என்பது என் கருத்து.

1463இல் பாஸ்னியா ஒட்டோமான் துருக்கியரிடம் வீழ்ந்தது. 1522இல் க்னின், 1537இல் க்லிஸ் கோட்டை. ஓடிப்போன குடிகளின் இடத்தில் ஆள் வேண்டும், எல்லையைக் காக்கவும் ஆள் வேண்டும். துருக்கியர் வ்லாக்குகளைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு பொற்காசு வரி, மற்ற குடிகளின் சுமைகள் பலவற்றிலிருந்து விலக்கு, பதிலுக்குப் படைப்பணி. இப்படி மேய்ச்சல்காரன் எல்லைக் காவலன் ஆனான். ஒருபுறம் வெனிஸ், ஒருபுறம் ஹாப்ஸ்பர்க் பேரரசு, ஒருபுறம் சுல்தான். மூன்று ஆட்சிகள் உரசும் இடத்தில் ஒருவன் மந்தை மேய்க்க வேண்டுமானால் ஆயுதம் இல்லாமல் முடியாது.

1645இல் கிரீட் தீவுக்காக வெனிஸுக்கும் சுல்தானுக்கும் போர் மூண்டது. அந்தப் போர் 1669 வரை நீண்டது. துருக்கிய ஆட்சியில் வரிச்சுமை ஏறியிருந்த காலம். மோர்லாக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் மந்தையோடும் மனைவி மக்களோடும் எல்லை கடந்து வெனிஸ் பக்கம் வந்தன. 1648இல் க்லிஸ் கோட்டையை வெனிஸ் பிடித்ததில் அவர்கள் பங்கு பெரிது. அந்தத் தலைமுறையின் நாயகன் ஸ்தோயான் யான்கோவிச். 1666இல் துருக்கியரிடம் சிறைப்பட்டு, கான்ஸ்டாண்டினோபிளுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கிருந்து தப்பி வந்தவர். வெனிஸ் அவருக்குப் புனித மாற்கு வீரர் பட்டம் தந்தது. இஸ்லாம் என்ற ஊரில் ஆகா என்னும் துருக்கிய அதிகாரி ஒருவருக்குச் சொந்தமாயிருந்த வீட்டையும் நிலத்தையும் தந்தது. 1687இல் துவ்னோ மீது நடந்த தாக்குதலில் இறந்தார். அவரைப் பற்றிய பாட்டுகளை குஸ்லே என்னும் நரம்பு வாத்தியம் வாசிப்போர் இன்றும் பாடுகிறார்கள்.

வீரத்தைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் போர் பெரும்பாலும் கொள்ளைப் போர். எல்லைக்கு அப்பால் போய் ஆடுமாடுகளை ஓட்டிவருவார்கள், ஆட்களைப் பிடித்துவந்து பணயத்துக்கோ அடிமையாகவோ விற்பார்கள். மறுபக்கத்தவரும் அதையே செய்தார்கள். பாட்டில் வரும் வீரனின் வாள் யார் வீட்டு வாசலில் இறங்கியது என்பதைப் பாட்டு சொல்வதில்லை.

1699, 1718 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் வெனிஸின் எல்லை தினாரா மலைவரை உள்ளே நகர்ந்தது. மோர்லாக்குகள் இப்போது முழுக்க வெனிஸின் குடிகள். இடையில் 1715 ஆகஸ்டில் சிஞ் என்ற சிறிய கோட்டையைப் பெரும் துருக்கியப் படை சூழ்ந்தபோது உள்ளேயிருந்த சில நூறு பேர் தாக்குப்பிடித்தார்கள். அந்த வெற்றியின் நினைவாக சிஞ் நகரில் இன்றும் ஆண்டுதோறும் ஆகஸ்டில் ‘அல்கா’ என்னும் போட்டி நடக்கிறது. குதிரையை முழு வேகத்தில் விரட்டிக்கொண்டே, கயிற்றில் தொங்கும் இரும்பு வளையத்தை ஈட்டி முனையால் கோர்த்தெடுக்க வேண்டும். வளையம் இரட்டை வட்டம். நடுவட்டத்தில் குத்தினால் 3 புள்ளி, மேற்பகுதிக்கு 2, கீழே இரு பக்கங்களுக்கும் 1. ஒவ்வொருவருக்கும் மூன்று ஓட்டம். சிஞ்சையும் செத்தினாப் பகுதியையும் சேர்ந்த குடும்பத்து ஆண்கள் மட்டுமே ஓடலாம். 2010இல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

போர் ஓய்ந்த பிறகு வெனிஸுக்கு வேறு கவலை. சண்டை இல்லாத சண்டைக்காரர்களை என்ன செய்வது? 1755–56இல் பிரான்செஸ்கோ கிரிமானி என்ற ஆளுநர் ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தார். குடும்பத்தில் தலைக்கு இரண்டு வயல் என்று அளந்து கொடுக்கப்பட்டது. நிலம் அரசாங்கத்துடையது, விளைச்சலில் பத்தில் ஒன்று அரசுக்கு, அழைத்தால் ஆயுதத்தோடு வர வேண்டும். மேய்ச்சல்காரனை உழவனாக்கிவிடலாம் என்பது திட்டம். கல்லும் காற்றும் நிறைந்த நாட்டில் அளந்து கொடுத்த துண்டு நிலம் எத்தனை வயிற்றுக்குப் போதும்? வறுமை போகவில்லை. கடற்கரை நகரத்தார் மோர்லாக்கைச் சோம்பேறி, காட்டான், திருடன் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள்.

இந்தச் சூழலில்தான் படுவா நகரத்தில் பிறந்த அபே அல்பெர்டோ ஃபோர்ட்டிஸ் வருகிறார். அடிப்படையில் இயற்கை ஆய்வாளர். புதைபடிவங்களையும் பாறைகளையும் பார்க்க வந்தவர் மனிதர்களைப் பார்த்தார். 1774இல் வெனிஸில் வெளியான அவருடைய ‘டால்மேஷியப் பயணம்’ நூலில் மோர்லாக்குகளின் பழக்கவழக்கங்கள் பற்றி ஒரு நீண்ட பகுதி இருக்கிறது. கடற்கரைவாசிகள் சொன்ன கொடுமைக் கதைகளை அவர் அப்படியே நம்பவில்லை. தனக்கு விருந்து வைத்த மக்கள் சார்பில் பேச வேண்டும் என்று நினைத்தார். கோகொரிச் ஊர்த் தலைவர் பெர்வான் வீட்டில் தங்கினார். பெர்வானின் உருவப்படத்தைத் தன் நூலில் சேர்த்தார். ஒற்றைக் குதிரைமயிர் நரம்பு பூட்டிய குஸ்லே வாத்தியத்தைப் பற்றி எழுதினார். உயிருக்குயிரான நண்பர்கள் கோவிலில் பாதிரியார் முன் சகோதர உறவு பூணும் சடங்கைப் பற்றி எழுதினார். பெருஷிச் ஊர்த் தேவாலயத்தில் இரண்டு இளம்பெண்கள் அப்படிச் சகோதரிகளாவதை அவரே நேரில் பார்த்தார். சடங்கு முடிந்ததும் அவர்கள் கண்களில் தெரிந்த மகிழ்ச்சியை அவர் பதிந்து வைத்திருப்பது அந்த நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம். தன் நூலிலே ஒரு பாட்டையும் மூலமொழியிலும் இத்தாலிய மொழியிலும் அச்சிட்டார். ‘ஹசனாகினிட்சா’, அதாவது ஹசன் ஆகாவின் மனைவி.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹசன் ஆகா காயம்பட்டு மலையில் கூடாரத்தில் கிடக்கிறான். தாயும் சகோதரியும் போய்ப் பார்க்கிறார்கள். மனைவி போகவில்லை. அன்பில்லாமல் அல்ல, நாணம் தடுத்தது. அவன் கோபத்தில் அவளை விலக்கிவிடுகிறான். அண்ணன் அவளை அழைத்துப்போய், அவள் கெஞ்சியும் கேளாமல், இமோட்ஸ்கி ஊர்க் காஜிக்கு மணம் பேசி முடிக்கிறான். மணமகள் ஊர்வலம் பழைய வீட்டு வாசலைக் கடக்கிறது. பிள்ளைகள் ஓடிவருகிறார்கள். அவள் ஊர்வலத்தை நிறுத்தி ஒவ்வொரு பிள்ளைக்கும் பரிசு கொடுக்கிறாள். ‘உங்கள் அம்மாவின் நெஞ்சு கல், இங்கே வந்துவிடுங்கள்’ என்கிற பொருளில் ஹசன் ஆகா பிள்ளைகளை அழைக்கிறான். அது காதில் விழுந்ததும் அவள் அங்கேயே விழுந்து இறக்கிறாள்.

இந்தப் பாட்டில் வருபவர்கள் எல்லாரும் முஸ்லிம்கள் என்பதைக் கவனியுங்கள். ஃபோர்ட்டிஸ் அதை மோர்லாக் பாட்டு என்று வெளியிட்டார். எல்லையின் இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் கொள்ளையடித்துக்கொண்டே ஒரே மொழியில் பாடினார்கள். எதிரி வீட்டுப் பெண்ணுக்காக அழுதார்கள். வேறு எந்தச் சான்றையும்விட அந்த நாட்டின் மனத்தை இது எனக்குத் திறந்து காட்டுகிறது.

அந்தப் பாட்டை இளைஞர் கதே ஜெர்மனில் ஆக்கினார். அவருக்கு மூலமொழி தெரியாது. 1778இல் ஹெர்டரின் நாட்டுப்பாடல் தொகுப்பில் அது வெளிவந்ததும் ஐரோப்பா முழுக்க மோர்லாக் மோகம் கிளம்பியது. வால்டர் ஸ்காட் கதேயிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். ரோசன்பெர்க் சீமாட்டி ஜஸ்டின் வின் 1788இல் ‘மோர்லாக்குகள்’ என்றே பிரெஞ்சில் ஒரு நாவல் எழுதினார். ஸ்ப்ளிட் நகரத்து ஜூலியோ பயமோந்தி 1797இல் ஹோமரையும் மோர்லாக்குகளையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதினார். 1827இல் பிராஸ்பர் மெரிமே, அந்த நாட்டில் கால் வைக்காமலேயே, தானே புனைந்த பாட்டுகளை அங்கே சேகரித்தவை என்று வெளியிட்டார். கதே அதைக் கண்டுபிடித்துவிட்டார். புஷ்கின் அவற்றில் பலவற்றை ரஷ்ய மொழியில் பாடினார். நகர வாழ்க்கையில் சலித்த ஐரோப்பாவுக்குக் கள்ளமற்ற காட்டு மனிதன் ஒருவன் தேவைப்பட்டான். வெனிஸிலிருந்து சில நாள் கப்பல் தூரத்தில் அவன் கிடைத்துவிட்டான்.

மோர்லாக் நாட்டிலிருந்து யாராவது வாய் திறந்தார்களா? திறந்தார் ஒருவர். சிஞ் ஊரைச் சேர்ந்த இவான் லோவ்ரிச். 1776இல், இருபதை ஒட்டிய வயதில், ஃபோர்ட்டிஸின் நூலுக்கு மறுப்பாக இத்தாலிய மொழியில் ‘கவனிப்புகள்’ என்று ஒரு புத்தகம் எழுதி வெனிஸிலேயே அச்சிட்டார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். செத்தினா ஆற்றைப் பற்றி ஃபோர்ட்டிஸ் சொன்னதில் எங்கே பிழை, எந்தப் பழக்கம் எல்லோருக்கும் பொது, எது ஓரிரு ஊரில் மட்டும் உண்டு என்று சொந்த ஊர்க்காரனின் உரிமையோடு திருத்துகிறார். ஸ்தானிஸ்லவ் சோச்சிவிட்சா என்ற பேர்போன ஹைதுக்கை, அதாவது மலைக் கொள்ளைக்காரனை, நேரில் சந்தித்து அவனுடைய வாழ்க்கையை எழுதிச் சேர்த்திருக்கிறார். ஃபோர்ட்டிஸ் தரப்பிலிருந்து கடுமையான பதில் வந்தது. வந்தவர் பார்த்ததும் ஊரார் பார்த்ததும் மோதிக்கொள்ளும் இந்தச் சச்சரவு எனக்கு ஒரு பொக்கிஷம். லோவ்ரிச் வசதியான, படித்த வீட்டுப் பிள்ளை; மலையில் ஆடு மேய்த்தவர் அல்லர். அந்த மேய்ச்சல்காரர்கள் தங்களைப் பற்றித் தாங்களே புத்தகம் எழுதவில்லை. பாட்டாகவும் மனுவாகவும் வழக்காகவும்தான் அவர்கள் குரல் நமக்குக் கிடைக்கிறது.

1797இல் நெப்போலியன் வெனிஸ் குடியரசை முடித்துவைத்தார். ஆஸ்திரியா, பிரான்ஸ், மீண்டும் ஆஸ்திரியா என்று டால்மேஷியா கைமாறியது. 19ஆம் நூற்றாண்டில் தேசிய இயக்கங்கள் எழுந்தன. ஒவ்வொருவனும் ஒரு தேசத்தில் அடங்க வேண்டும் என்ற காலம் வந்தது. மோர்லாக்குகளில் கத்தோலிக்கரும் உண்டு, ஆர்த்தடாக்ஸ் சபையினரும் உண்டு. முந்தையவர்களைப் பிரான்சிஸ்கன் துறவிகள் பார்த்துக்கொண்டார்கள். பிந்தையவர்களுக்கு க்ர்கா மடம். மொழி ஒன்று, உடை ஒன்று, குஸ்லே ஒன்று. ஞானஸ்நானப் பதிவேடு மட்டும் இரண்டு. அந்தப் பதிவேடுதான் கடைசியில் எல்லாவற்றையும் தீர்மானித்தது. கத்தோலிக்கன் குரோவாசியன் ஆனான், ஆர்த்தடாக்ஸ் சபையினன் செர்பியன் ஆனான். அவர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. துறவியும் பள்ளிக்கூடமும் செய்தித்தாளும் வழியாக அந்த அடையாளம் அவர்களுக்கு உண்மையானது. அதற்காக உயிர் கொடுத்தவர்கள் உண்டு. ஆனால் 1650ஆம் ஆண்டுப் படைப் பட்டியலில் உள்ள ஒருவனைக் கூப்பிட்டு ‘நீ எங்களவன்’ என்று இரண்டு தேசங்களும் இழுக்கும்போது, அவனை யாரும் கேட்பதில்லை.

அந்த இழுபறியின் விலையை 1990களில் அந்த மண் கொடுத்தது. 1991இல் க்னின் பகுதியில் செர்பியர்களின் கிளர்ச்சி ஆட்சி ஏற்பட்டபோது கத்தோலிக்கக் குரோவாசியர்கள் ஊர்களை விட்டு விரட்டப்பட்டார்கள். 1995 ஆகஸ்டில் குரோவாசியப் படை அந்தப் பகுதியை மீட்டபோது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட செர்பியர்கள் டிராக்டர்களிலும் கார்களிலும் ஏறிக் கிழக்கே போனார்கள். விரட்டியவர், விரட்டப்பட்டவர் இரு தரப்பிலும் பலருடைய முன்னோர், வெனிஸின் சம்பளப் பட்டியலில் ஒரே பெயரின்கீழ் இருந்தவர்கள்.

முன்பு சொன்ன இஸ்லாம் என்ற ஊருக்கு வருகிறேன். ஸாதருக்குப் பக்கத்தில் அந்தப் பெயரில் அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். ஒன்று ‘கிரேக்க இஸ்லாம்’, அதாவது ஆர்த்தடாக்ஸ் ஊர். மற்றொன்று ‘லத்தீன் இஸ்லாம்’, கத்தோலிக்க ஊர். துருக்கியர் விட்டுப்போன பெயரின்மேல் இரண்டு திருச்சபைகளின் பெயர். ஸ்தோயான் யான்கோவிச்சின் மாளிகை கிரேக்க இஸ்லாமில் இருக்கிறது. பிற்காலத்தில் அது அவர் வழிவந்த நாவலாசிரியர் விளாதான் தெஸ்னிட்சாவின் குடும்பத்துக்கு வந்தது. ‘இவான் காலெபின் வசந்தங்கள்’ எழுதியவர் அவர். 1993இல் நடந்த சண்டையில் மாளிகை பெருஞ்சேதம் அடைந்தது. தெஸ்னிட்சா செர்பிய இலக்கியமா குரோவாசிய இலக்கியமா என்று நீண்ட காலம் வாதம் நடந்தது. இரண்டு இலக்கிய வரலாறுகளிலும் அவருக்கு இடம் இருக்கிறது.

மோர்லாக் என்ற பெயர் இல்லாமலே அவர்களுடைய பலவும் உயிரோடு இருக்கின்றன. தொண்டையை அதிரவைத்துப் பாடும் ‘ஓய்கான்யே’ பாட்டை அவசரமாகக் காக்க வேண்டிய கலை என்று யுனெஸ்கோ 2010இல் அறிவித்தது. வ்ர்லிகா பக்கத்தில் வாத்தியமே இல்லாத வட்ட ஆட்டம் உண்டு. ஆடுபவர்களின் காலடியும் பெண்களின் நகை ஓசையுமே தாளம். அதுவும் 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஸ்ப்ளிட் நகரத்தான் இன்றும் மலைநாட்டுக்காரனை ‘வ்லாய்’ என்று கேலி செய்கிறான். சிஞ் பக்கத்து இளைஞன் அந்தச் சொல்லையே பெருமையோடு தனக்கு வைத்துக்கொள்கிறான்.

தெஸ்னிட்சாவின் பெயரால் வரலாற்றாசிரியர் ட்ராகோ ரோக்சாந்திச் முன்னின்று ஆண்டுதோறும் ஆய்வுக் கூட்டங்கள் நடத்தி வந்திருக்கிறார். வெனிஸ், ஹாப்ஸ்பர்க், ஒட்டோமான் என்ற மூன்று எல்லைகளின் வரலாற்றைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வும் அவர் முன்னெடுத்ததுதான். வெனிஸ் எப்படி மோர்லாக்கைக் கற்பனை செய்தது என்பதை லாரி வூல்ஃப் 2001இல் எழுதிய ‘வெனிஸும் ஸ்லாவியர்களும்’ நூல் விரிவாகச் சொல்கிறது. படிக்க விரும்புகிறவர்கள் இவர்களிடமிருந்து தொடங்கலாம். அப்புறம் ஃபோர்ட்டிஸைக் கையில் எடுக்கும்போது லோவ்ரிச்சையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள்.